வெறுங்காலுடன் கிளாஸ்கோ வரை: முஹம்மது சலீமும் அவருக்குப் பின் வந்தோரும்

போடிநாயக்கனூரை அடுத்த மலையடிவாரத்தில் கொட்டகுடி என்னும் சிற்றூர் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூருக்கும் மலையுச்சியில் உள்ள டாப் ஸ்டேஷனுக்கும் இடையே கம்பிவடப் பாதை ஒன்று இயங்கியது. மூணாறு மலைகளில் விளைந்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து பெட்டிபெட்டியாகக் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். பின்னர் வண்டிகளில் போடிக்கும், தொடர்ந்து துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் பிரிட்டனுக்கும் செல்லும். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்தச் சிறு இரயில் பாதையை அடித்துச் சென்றது. அதன் எச்சங்களை இன்றும் மலைமேல் காணலாம்.

அந்தத் தோட்டங்களை நடத்தியது 1897இல் தொடங்கப்பட்ட கண்ணன் தேவன் நிறுவனம். அதன் பின்னணியில் நின்ற ஜேம்ஸ் ஃபின்லே குழுமம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. நம் மலைச்சரிவுகளில் சிந்திய வியர்வைக்கான இலாபக் கணக்கு எழுதப்பட்ட நகரம் அது. 1936ஆம் ஆண்டு அதே நகரின் கால்பந்துத் திடல் ஒன்றில், கல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு முஸ்லிம் வீரர் வெறுங்காலுடன் இறங்கி விளையாடினார். பார்த்தோர் வியந்தனர், நாளிதழ்கள் எழுதின. அவர் பெயர் முஹம்மது சலீம். ஐரோப்பியக் கால்பந்துக் கழகம் ஒன்றுக்காக ஆடிய முதல் இந்தியர் என வரலாறு அவரைக் குறிக்கிறது.

இன்று நம் பிள்ளைகள் சாதியோ மானே, முஹம்மது சலாஹ் ஆகியோரின் பெயர்களை அண்டை வீட்டார் பெயர்களைப் போல உச்சரிக்கின்றனர். ஆப்பிரிக்க மண்ணிலிருந்து புறப்பட்டு ஐரோப்பியத் திடல்களில் புகழ்பெற்ற அவர்களை நேசிப்பது இயல்பே. ஆயினும் அந்த வழியில் முதலில் நடந்தவர்கள் யார், அவர்கள் எவற்றை இழந்தனர், எவற்றை இழக்க மறுத்தனர் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெட்டியாபுரூஸ் மண்ணிலிருந்து

சலீம் 1904ஆம் ஆண்டு கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். 1856இல் ஆங்கிலேயரால் அரியணை பறிக்கப்பட்ட அவத் மன்னர் வாஜித் அலி ஷா, தம் எஞ்சிய வாழ்நாளைக் கழித்த இடம் அது. மன்னரோடு வந்த தையற்காரர்கள், சமையற்காரர்கள், இசைவாணர்கள் ஆகியோரால் உருவான அக்குடியிருப்பு, காலப்போக்கில் உழைக்கும் முஸ்லிம்களின் பகுதியாக மாறியது. அருகிலேயே கப்பல் துறைகள். கடல் கடந்து செல்வோரும் திரும்புவோரும் அங்கு அன்றாடக் காட்சி.

அக்காலக் கல்கத்தாவில் கால்பந்து வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. 1911இல் மோகன் பகான் அணி, ஆங்கிலேய இராணுவ அணியான கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அந்த வெற்றியணியில் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் வெறுங்காலுடன் ஆடியவர்கள். ஆளும் இனத்தைத் திடலிலேனும் தோற்கடிக்க இயலும் என்ற எண்ணம் அன்று நாடெங்கும் பரவியது. ஏழு வயதுச் சிறுவனாக சலீம் அந்தச் செய்தி ஊரை அசைத்த காலத்தில் வளர்ந்தவர்.

1926இல் சித்தரஞ்சன் கழகத்தில் சேர்ந்து, பின்னர் ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் எனப் பல கழகங்களில் ஆடினார். இவற்றுள் பெரும்பாலானவை இந்துச் சகோதரர்களால் நடத்தப்பட்டவை. அவரது திறமையைக் கண்டு அழைத்தவர்களும் வளர்த்தவர்களும் பல சமயத்தவர். 1934இல் அவர் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் முதல் அணியில் இடம்பெற்றார்.

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் 1891இல் தோன்றியது. நெடுங்காலம் கீழ்ப்பிரிவில் உழன்ற அக்கழகம், 1934இல் முதற்பிரிவுக்கு உயர்ந்த முதல் ஆண்டிலேயே கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. 1898இல் லீக் தொடங்கியது முதல் ஆங்கிலேய அணிகள் மட்டுமே வென்றுவந்த பட்டம் அது. அதன்பின் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்தப் பட்டம் அவர்களிடமே இருந்தது. பெங்களூர், குவெட்டா போன்ற தொலைவிடங்களிலிருந்தும் வீரர்களைத் திரட்டியது ஒரு காரணம். மழையில் நனைந்த திடல்களில் காலணி அணிந்து ஆடப் பழகியது மற்றொரு காரணம். ஆயினும் வலப்புற ஓரத்தில் ஆடிய சலீமுக்கு வெறுங்காலே வசதியாக இருந்தது. பந்தை விரல்களால் உணர்ந்து ஆடும் கலை அவருடையது.

செல்டிக் திடலில்

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் வழியில் சீன அணி இந்தியா வந்து, கல்கத்தாவில் காட்சி ஆட்டங்களில் பங்கேற்றது. முதல் ஆட்டத்தில் சலீமின் திறமை வெகுவாகப் பாராட்டப்பட்டது. இங்கிலாந்தில் வசித்துவந்த ஹாஷிம் என்ற உறவினர் அப்போது ஊர் வந்திருந்தார். ஐரோப்பாவில் முயன்று பார்க்க வேண்டும் என அவர் வற்புறுத்த, இரண்டாம் ஆட்டத்திற்கு முன்பே இருவரும் கப்பலேறிவிட்டனர். வீரரைக் காணவில்லை எனக் கால்பந்துச் சங்கத்தார் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டுத் தேடியதாகக் கூறப்படுகிறது. கெய்ரோ வழியாக இலண்டன் சேர்ந்த அவர்கள், அங்கிருந்து கிளாஸ்கோவுக்குச் சென்றனர்.

செல்டிக் கழகத்தின் மேலாளராக அப்போது இருந்தவர் வில்லி மேலி. 1897 முதல் அப்பொறுப்பில் இருந்த மூத்தவர். அந்த ஆண்டுதான் அவருடைய அணி ஸ்காட்லாந்து லீக் பட்டத்தை வென்றிருந்தது. இந்தியாவிலிருந்து ஒரு சிறந்த வீரர் வந்திருக்கிறார், அவரைச் சோதித்துப் பாருங்கள், ஆனால் அவர் காலணி அணிய மாட்டார் என ஹாஷிம் அவரிடம் கூறினாராம். தேர்ந்த தொழில்முறை வீரர்களுக்கு எதிராக வெறுங்காலுடன் ஆடுவதா என்று மேலிக்கு வியப்பு. எனினும் வாய்ப்பளித்தார். சோதனை ஆட்டத்தில் சலீம் காட்டிய திறன் அங்கிருந்தோரின் ஐயத்தைப் போக்கியது.

அக்காலத்துப் புகைப்படம் ஒன்று புகழ்பெற்றது. அமர்ந்திருக்கும் சலீமின் கால்களுக்குச் செல்டிக் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து துணிக்கட்டுப் போடுகிறார். மெக்மெனமி தம் இளமையில் செல்டிக்கின் மாபெரும் வீரர். நெப்போலியன் என்று இரசிகர்கள் அவரை அழைத்தனர். ஆளும் நாட்டின் புகழ்மிக்க மனிதர், ஆளப்பட்ட நாட்டின் எளிய மனிதருடைய பாதங்களைக் கையில் ஏந்திக் கட்டுப்போடும் காட்சியை, அந்நாளைய இந்தியாவில் எவரும் கற்பனையும் செய்திருக்க மாட்டார்.

சலீம் செல்டிக் சார்பில் ஸ்காட்லாந்து அலையன்ஸ் போட்டியில் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஹாமில்டன் அகாடெமிக்கல் அணிக்கு எதிராக 5-1. கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1. இரண்டும் வெற்றிகள். கால்ஸ்டனுடனான ஆட்டம் ஆகஸ்டு 28ஆம் நாள் நடைபெற்றது. மறுநாள் நாளிதழ் ஒன்று அவரை இந்திய வித்தைக்காரர் என்று தலைப்பிட்டு வருணித்தது. அச்சொல்லில் பாராட்டும் உண்டு. கீழை நாட்டவரைக் கண்காட்சிப் பொருளாக நோக்கிய அக்கால மனப்பான்மையும் உண்டு. இரண்டையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அலையன்ஸ் என்பது இரண்டாம் நிலை அணிகள் ஆடும் போட்டி. செல்டிக்கின் முதல் அணியில் சலீம் ஆடவில்லை. நம் வீரர்களைப் பற்றி எழுதும்போது, இருந்ததை உள்ளவாறே எழுதினால் போதும். இருந்ததே பெரிது. காலணி இல்லாத ஓர் இந்தியர், அந்நிய மண்ணில், அவர்களுடைய விதிகளின்படி அவர்களுடன் ஆடி, மதிப்பைப் பெற்றார்.

ஐந்து விழுக்காடு

சில மாதங்களிலேயே சலீமை ஊர் ஏக்கம் பற்றிக்கொண்டது. குளிர், மொழி, உணவு, தனிமை ஆகியவற்றை நம்மில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் நன்கு அறிவர். அறை நிறையத் தோழர்கள் இருந்தும் பெருநாள் காலையில் அத்தாவின் குரலைத் தொலைபேசியில் கேட்டுக் கண்ணீர் வடித்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். சலீமுக்குத் தொலைபேசியும் இல்லை. உடன்வந்த உறவினரைத் தவிர அவருக்குத் தெரிந்த முகமும் இல்லை.

செல்டிக் கழகத்தார் அவரைத் தக்கவைக்க விரும்பினர். அவர் பெயரில் ஓர் அறக்கொடை ஆட்டம் நடத்தி, நுழைவுக் கட்டண வருவாயில் ஐந்து விழுக்காடு அவருக்குத் தருவதாகக் கூறினர். அந்தப் பங்கை, ஆட்டத்தைக் காண அழைக்கப்பட்டிருந்த அநாதைக் குழந்தைகளுக்கே கொடுத்துவிடுமாறு சலீம் சொல்லிவிட்டார் என்பது அவருடைய குடும்பத்தார் வழியாகவும் கால்பந்து வரலாற்றாசிரியர்கள் வழியாகவும் வந்த செய்தி. பின்னர் அத்தொகை எவ்வளவு பெரியது என்பதை அறிந்து வியந்தபோதும், சொன்ன சொல்லிலிருந்து அவர் பின்வாங்கவில்லையாம்.

இங்கே நினைக்கத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. செல்டிக் கழகம் 1887இல் தோன்றியதே பசித்த குழந்தைகளுக்காகத்தான். அயர்லாந்தின் வறுமைக்குத் தப்பி கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடியேறிய கத்தோலிக்க ஏழைகளின் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்ட வேண்டி, வால்ஃபிரிட் என்னும் கிறித்தவத் துறவி அதைத் தொடங்கினார். அக்கழகம் தன் தொடக்க நாள்களை மறந்திருந்தாலும், கடல் கடந்து வந்த ஒரு முஸ்லிம் அதை நினைவூட்டிச் சென்றார் எனலாம். யத்தீமாக வளர்ந்த நபிகள் நாயகத்தின் (ஸல்) உம்மத்தைச் சேர்ந்தவருக்கு, யத்தீம்களின் பங்கு எது என்பதை எவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

சலீம் கல்கத்தாவுக்குத் திரும்பினார். மீண்டும் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அணியில் இணைந்து, அதன் தொடர் வெற்றிகளில் பங்கேற்றார். ஐரோப்பாவில் அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். இக்காலக் கணக்கின்படி அதை ஒரு விளையாட்டு வாழ்க்கை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் வெறுங்கால்கள்

சலீம் சென்ற வழியில் அடுத்து நடந்தவர்களுள் பலர் மேற்கு ஆப்பிரிக்கர்கள். உண்மையில் அவர்களுள் ஒருவர் சலீமுக்கும் முந்தியவர். இன்றைய கானாவின் தலைநகரான அக்ராவில் 1865இல் பிறந்த ஆர்தர் வார்ட்டன், கிறித்தவ மதபோதகர் ஒருவரின் மகன். படிப்புக்காக இங்கிலாந்து சென்று, பிரஸ்டன், ராதர்ஹம், ஷெஃபீல்டு அணிகளின் கோல் காப்பாளரானார். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் எனக் கருதப்படுபவர் அவரே. 1886இல் 100 கெஜ ஓட்டத்தைப் பத்து வினாடிகளில் ஓடி முடித்த வேகக்காரரும்கூட. இத்தனை புகழும் அவரது முதுமையில் உதவவில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக உழைத்து 1930இல் ஏழையாக இறந்தார். பெயர் பொறிக்காத அவரது கல்லறைக்கு 1997இல்தான் நினைவுக்கல் நாட்டப்பட்டது.

சலீமுக்குப் பின் 1948இல் இந்திய அணி இலண்டன் ஒலிம்பிக்கில் ஆடியபோது பெரும்பாலோர் வெறுங்காலர்களே. பிரான்சிடம் 2-1 எனத் தோற்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அடுத்த ஆண்டே, 1949இல், நைஜீரியாவிலிருந்து ஓர் அணி கப்பலில் இங்கிலாந்து வந்தது. அவ்வணியினருள் பெரும்பாலோர் கால்களில் துணிக்கட்டு மட்டும் அணிந்து ஆடினர். மெக்மெனமி சலீமுக்குக் கட்டிய அதே கட்டு. ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட இரு பெரும் நிலப்பரப்புகளின் மைந்தர்கள், ஒருவரையொருவர் அறியாமலேயே, ஆட்சியாளரின் ஊரில் ஒரே கோலத்தில் வந்து நின்றனர்.

அந்த நைஜீரிய அணியில் இருந்த இளைஞர் தஸ்லீம் பலோகன். அவர் உதைக்கும் பந்தின் வேகத்தைக் கண்டு இடி என்று பட்டப்பெயர் சூட்டினர். 1955இல் பீட்டர்பரோ கழகத்திற்காக மீண்டும் இங்கிலாந்து வந்த அவர், மறு ஆண்டு குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியில் சேர்ந்து ஆங்கிலேய லீக் போட்டிகளில் ஆடினார். இன்று லாகோஸ் நகரில் ஒரு விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பாரிஸிலிருந்து ஒரு வாடகைக் கார்

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாலி நாட்டின் தலைநகர் பமாகோவில் 1946இல் பிறந்தவர் சாலிஃப் கெய்ட்டா. 1967இல் பிரான்சின் சேன்-எத்தியேன் கழகத்தில் சேர்வதற்காகப் பாரிஸ் வானூர்தி நிலையத்தில் வந்திறங்கினார். வரவேற்க எவரும் இல்லை. கையில் பணமும் இல்லை. ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் இருந்த சேன்-எத்தியேன் நகர் வரை சென்று கழக அலுவலகத்தின் முன் இறங்கினார். கட்டணத்தைக் கழகத்தார் செலுத்தினர். அந்தச் செலவுக்காக அவர்கள் ஒருபோதும் வருந்தியிருக்க மாட்டார்கள்.

1968, 1969, 1970 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரெஞ்சு லீக் பட்டத்தை அக்கழகம் வென்றதில் கெய்ட்டாவின் பங்கு பெரிது. 1970-71 பருவத்தில் மட்டும் லீக் ஆட்டங்களில் 42 கோல்கள் அடித்தார். ஆப்பிரிக்காவின் சிறந்த வீரருக்கான விருது 1970இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் அவரே. சிறுத்தை என்று இரசிகர்கள் அவரை அழைக்க, கழகத்தின் சின்னத்திலும் சிறுத்தை இடம்பெற்றது.

1972இல் மார்சேய் கழகத்திற்கு மாறிய பின் ஒரு சோதனை வந்தது. அயல்நாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால், பிரெஞ்சுக் குடியுரிமை பெறுமாறு கழகத்தார் நெருக்கினர். கெய்ட்டா மறுத்தார். மாலியின் மைந்தன் என்ற அடையாளத்தை விட்டுக்கொடுக்காமல், ஸ்பெயினின் வலென்சியாவுக்கும், பின்னர் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கழகத்திற்கும் சென்று ஆடினார். இறுதியில் தாய்நாடு திரும்பி, பமாகோவில் இளைஞர்களுக்கான கால்பந்துப் பயிற்சி மையத்தை நிறுவினார். மாலி நாட்டுக் கால்பந்துச் சங்கத் தலைவராகவும் பணியாற்றி, 2023 செப்டம்பரில் மறைந்தார்.

சட்டையில் எழுதிய பெயர்

மாலி வம்சாவளியில் வந்த மற்றொருவர் ஃபிரடெரிக் கனூட்டே. பிரான்சில் 1977இல் பிறந்த அவர், ஸ்பெயினின் செவில்லா கழகத்திற்காக 2005 முதல் 2012 வரை ஆடினார். அக்கழகம் 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் யுஇஎஃப்ஏ கோப்பையை வென்ற அணியில் இருந்தார். 2007ஆம் ஆண்டின் சிறந்த ஆப்பிரிக்க வீரராகவும் தேர்வு பெற்றார்.

செவில்லா அணியின் சட்டையில் இணையச் சூதாட்ட நிறுவனம் ஒன்றின் பெயர் பொறிக்கப்பட்டபோது, மார்க்கம் தடுத்த ஒன்றுக்குத் தம் மார்பை விளம்பரப் பலகையாக்கக் கனூட்டே தயங்கினார். அப்பெயர் இல்லாத சட்டையுடன் திடலில் இறங்கினார். 2007இல் செவில்லா நகரின் தொழுகைக்கூடம் ஒன்று இடம் பறிபோகும் நிலைக்கு வந்தது. ஐந்து இலட்சம் யூரோவுக்கும் மேற்பட்ட தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அந்த இடத்தை வாங்கி, நகரத்து முஸ்லிம்கள் தொடர்ந்து தொழ வழிசெய்தார். பல நூற்றாண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த நகரம் அது. அங்கே ஒரு ஜமாஅத்தின் தொழுகையிடத்தைக் காத்தவர், மேற்கு ஆப்பிரிக்க இரத்தம் ஓடிய ஒரு பந்தாட்டக்காரர்.

இணையச் சூதாட்டத்தால் தமிழகத்தில் குடும்பங்கள் சிதைந்த செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். பிள்ளைகள் விரும்பும் வீரர்களின் சட்டைகளிலும் கைப்பேசித் திரைகளிலும் அத்தகைய பெயர்களே மின்னுகின்றன. கனூட்டேயின் கோல்களைச் சொல்லும்போது அந்தப் பெயரற்ற சட்டையையும் சேர்த்துச் சொல்வது பெற்றோரின் கடமை.

தரகரும் கனவும்

இவ்வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. கெய்ட்டா போன்றோரின் வெற்றியைக் கண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் ஆயிரமாயிரம் சிறுவர்கள் கனவு கண்டனர். கனவு இருக்கும் இடத்திற்குத் தரகர்களும் வருவர். ஐரோப்பியக் கழகத்தில் சேர்த்துவிடுவதாகக் கூறி, குடும்பத்தாரின் நிலத்தையும் நகையையும் விற்ற பணத்தைப் பெற்றுக்கொண்டு, சிறுவர்களைப் பாரிஸ் போன்ற நகரங்களின் தெருக்களில் கைவிட்டுச் சென்றனர். இக்கொடுமையை எதிர்த்து, கேமரூனின் முன்னாள் வீரர் ழான் குளோட் முவூமன் 2000ஆம் ஆண்டில் ஓர் அமைப்பையே தொடங்கினார். பதினெட்டு வயது நிறையாதவரை நாடு விட்டு நாடு மாற்றுவதற்கு உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2001இல் கடும் கட்டுப்பாடு விதித்தது. சில விலக்குகள் தவிர அது தடையாகவே இன்றும் நீடிக்கிறது.

வளைகுடா வேலைக்கென முகவரிடம் பணம் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. ஆதலின் இக்கதை நமக்குப் புரியாததன்று. விளையாட்டில் சிறந்த மகனையோ மகளையோ பெற்றவர்கள் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளலாம். தேர்வு ஆட்டத்திற்கு முன்பணம் கேட்பவரை நம்பலாகாது. பதினெட்டு வயதுக்கு முன் வெளிநாட்டு ஒப்பந்தம் என்று எவரேனும் சொன்னால், அது பெரும்பாலும் பொய். கால் முறிந்தாலும் கைகொடுக்கும் படிப்பு ஒன்று உடன் இருக்க வேண்டும். வார்ட்டனின் முதுமை நமக்குச் சொல்வதும் இதுவே.

மலைக்கு அப்பால்

போடிமெட்டைக் கடந்தால் கேரளம். ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன்னே ஜீப்புகளில் மலையேறி, மாலையில் இறங்கும் நம் மக்களுக்கு அந்த எல்லை ஒரு சோதனைச்சாவடி மட்டுமே. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடையே கால்பந்து வேரூன்றிய ஒன்று. தோட்ட அணிகளுக்கிடையே நடைபெறும் ஆண்டுப் போட்டியின் கேடயம், இன்றும் அந்தக் கிளாஸ்கோ நிறுவனமாகிய ஃபின்லேயின் பெயரையே தாங்கியுள்ளது.

இன்னும் வடக்கே மலப்புரம் மாவட்டத்தில், ஓர் அணிக்கு எழுவர் என்ற கணக்கில் ஆடும் செவன்ஸ் போட்டிகள் புகழ்பெற்றவை. கானா, ஐவரி கோஸ்ட், நைஜீரியா, லைபீரியா நாடுகளின் இளைஞர்கள் ஒவ்வொரு பருவத்திலும் அங்கு வந்து, ஆட்டத்திற்கு இவ்வளவு என்ற ஊதியத்திற்கு ஆடுகின்றனர். ஐரோப்பாவின் கதவு திறக்காத பலர், நம் பக்கத்து மண்ணில் தங்கள் ரிஸ்க்கைத் தேடி வருகின்றனர். அவர்களுள் முஸ்லிம்கள் பலர். ஜும்ஆத் தொழுகையில் நம் தோளோடு தோள் சேர்த்து நிற்பவர்கள்.

2024 மார்ச் மாதம், அம்மாவட்டத்தின் அரீக்கோடு பகுதியில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவர் பார்வையாளர்களால் துரத்தித் தாக்கப்பட்டார். தம் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினர் எனக் காவல்துறையில் அவர் புகார் அளித்தார். காணொளி நாடெங்கும் பரவியது. கேரள முஸ்லிம்கள் பலர் அதைக் கண்டித்துக் குரல் கொடுத்தனர் என்பது ஆறுதல். ஆயினும் அச்சம்பவம் நம்மை நோக்கியும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. அன்று கிளாஸ்கோவில் சலீமின் பாதங்களுக்குக் கட்டுப்போட்டவர் வேற்று மதத்தவர், வேற்று இனத்தவர். இன்று நம் மண்ணுக்கு வரும் சலீம்களை நாம் எவ்வாறு நடத்துகிறோம்?

மதீனாவில் அபிசீனியர்கள் பள்ளிவாசலின் முற்றத்தில் ஈட்டிகளுடன் விளையாடியதை நபிகள் நாயகம் (ஸல்) தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு மகிழத் துணைநின்றார்கள் என்பது நாம் மதரஸாவில் கற்ற செய்தி. ஆப்பிரிக்கரின் விளையாட்டை இறையில்லத்து முற்றத்திலேயே மதித்த மார்க்கத்தினர் நாம். பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசையைப் போற்றும் நாவு, நிறத்தைச் சொல்லி ஒருவரை இழித்தல் தகுமா? நம் வீடுகளில், கேலியாகக்கூட, கறுப்பு என்ற சொல் எவ்வாறு புழங்குகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கட்டும். மகளுக்கு வரன் தேடும்போதும், பிறந்த குழந்தையைக் காணச் செல்லும்போதும் நாம் உதிர்க்கும் சொற்களிலிருந்தே திடலில் கேட்கும் வசைகளும் பிறக்கின்றன.

ஒரு நூறு பவுண்டு

சலீமின் முதுமைக்காலச் செய்தி ஒன்றுடன் முடிப்பது பொருத்தம். அவர் நோயுற்றிருந்தபோது, சிகிச்சைக்குப் பணம் தேவை என்று அவருடைய மகன் செல்டிக் கழகத்திற்குக் கடிதம் எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்குமுன் இரண்டே ஆட்டங்கள் ஆடிய ஒருவரை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்களா? பதில் வந்தது. உள்ளே நூறு பவுண்டுக்கான வங்கி வரைவோலை ஒன்று இருந்தது.

அக்குடும்பம் அதைப் பணமாக மாற்றவில்லை. உண்மையில் பணம் வேண்டி எழுதவில்லை. தந்தை அவர்களுடைய நினைவில் வாழ்கிறாரா என்று அறியவே எழுதினேன் என்று மகன் பின்னாளில் கூறினார். அந்த வரைவோலையை அவர் தம் இறுதிவரை பாதுகாக்கப்போவதாகவும் சொன்னார். சலீம் 1980இல் காலமானார்.

ஐந்து விழுக்காட்டை அநாதைகளுக்குக் கொடுத்த தந்தை. நூறு பவுண்டை மாற்றாமல் வைத்துக்கொண்ட மகன். பணத்தின் இடம் எது என்பதை இருவரும் அறிந்திருந்தனர். ஆயினும் மகனின் கடிதத்தில் ஒரு வேதனையும் இருக்கிறது. தந்தையை எவரேனும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறிய, அவர் கல்கத்தாவில் எவரையும் கேட்கவில்லை. கடல் கடந்து கிளாஸ்கோவுக்கு எழுதினார். நம் வீரர்களை, நம் உழைப்பாளிகளை, நம் மலைகளில் ஏறி இறங்கிய முன்னோர்களை நினைவில் வைக்கும் பொறுப்பை நாம் பிறரிடம் விட்டுவிட்டோம்.

போடி, கம்பம், உத்தமபாளையம் வட்டாரத்திலும் பள்ளி அணியில் ஆடியவர், தோட்ட அணியில் ஆடியவர், மாவட்டப் போட்டியில் வென்றவர் எனப் பல பெரியவர்கள் வாழ்ந்து மறைந்திருப்பர். அவர்களுடைய பழைய புகைப்படங்கள் பெட்டிகளில் மங்கிக்கொண்டிருக்கும். வரும் விடுமுறையில் பிள்ளைகளை உங்கள் அத்தாவிடமும் பாட்டனாரிடமும் அமர்த்தி, அவர்களுடைய பெயர்களையும் ஆண்டுகளையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு குறிப்பேடு போதும்.

வல்ல இறைவன் மர்ஹூம் முஹம்மது சலீம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, யத்தீம்களுக்கு அவர் அளித்ததை ஏற்றுக்கொண்டு, அன்னாருக்கு மேலான சுவனபதியை வழங்குவானாக. ஆமீன்.